மூச்சுக்கு ஒரு கொப்பு

ஹைட்ரேஞ்சியாவுக்குக் காலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஃபாதர். மாலையில் ஊற்றினால் இலையில் ஈரம் தங்கிப் புள்ளி விழும். பங்கு வீட்டு வாசலில் இருக்கும் மூன்று செடிகளுக்கும் உங்கள் சமையல்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் போன கிழமையும் பார்த்தேன். மனது கேட்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

நாலைந்து மாதமாக நான் ஏன் பீடத்தடிக்கு வந்து நற்கருணை நன்மை வாங்குவதில்லை என்று பூசை முடிந்ததும் கேட்டீர்கள். வாசலில் நின்று சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வந்து சொல்லலாம்தான். ஆனால் கூண்டுக்கு வெளியே செபமாலையோடு வரிசையில் நிற்கும் பெண்களின் காது எவ்வளவு கூர்மை என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் டிக்கோயாப் பக்கம் வந்து ஏழு மாதம்தானே ஆகிறது. அதனால் கடையில் ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கி எழுதித் தருகிறேன். கூண்டில் சொன்னதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள். சொல்ல நினைத்தாலும் உங்களுக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நன்மை வாங்காததற்குக் காரணம், நான் செய்தது பாவமா இல்லையா என்று எனக்கே முடிவாகத் தெரியாததுதான். முடிவு தெரியாமல் ஆண்டவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டே பேர். நானும் பெற்றீசியாவும். அவள் என் தம்பி பத்திநாதனின் மனைவி. தம்பி காய்ச்சலில் போய் ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணம் செய்யவில்லை. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக மற்றவர்களின் பிள்ளைகளைத் தூங்கவைத்ததில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். கேட்க ஆள் வரவில்லை என்பதும் உண்மை. தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பெற்றீசியாவின் அம்மா அவளை மஸ்கெலியாவுக்குக் கூப்பிட்டார். அவள், "நான் அண்ணியோடயே இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் வைத்தாள். அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

காலையில் அவள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவாள். நான் சமைப்பேன். மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு வந்து சாப்பிடுவாள். பின்னேரம் இருவரும் டிவியில் நாடகம் பார்த்து, அதில் வரும் மாமியார்களைத் திட்டுவோம். எனக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தோனியார் திருநாளில் ஜூட் என்ற ஆள் பூச்செடி விற்க வந்தான். நுவரெலியாவில் சின்ன நாற்று மேடை வைத்திருக்கிறான். பெற்றீசியா அவனிடம் ஒரு ஹைட்ரேஞ்சியா வாங்கினாள். துரை பங்களாவில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்குமே, அந்தச் சாதி இல்லை. இது குட்டை ரகம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிடும், பக்கவாட்டில்தான் பரவும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்கு முன்னால் இருக்கிற கையகலத் துண்டு நிலத்துக்கு இதைவிடத் தோதான செடி கிடையாது. ஒரு செடியிலிருந்து பதியன் வைத்து வைத்து அறுபதாக்கினாள். தேயிலை மண் புளிப்பு மண் என்பதால் பூவெல்லாம் நீலம். கண் கூசுகிற நீலம். பாதையில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

செடி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஜூட் வந்தான். பார்த்தான். அடுத்த வாரமும் வந்தான். வாராவாரம் வந்து பார்க்கும்படி எந்தச் செடியும் வளர்வதில்லை, ஃபாதர். அவன் நாற்பத்தைந்து வயதுக்காரன், முன்தலையில் முடி குறைவு, சிரித்தால் முகமே மாறிவிடும். செடிக்குக் கீழே குனிந்து பேசுவான். பெற்றீசியாவும் குனிந்து பதில் சொல்வாள். நான் கதவோரத்தில் நின்று இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தேத்தண்ணீர் கொடுப்பேன். நல்லவன்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவன் என்றால் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருந்திருக்காது.

முதலில் நான் செய்தது மிகச் சின்ன காரியம். தேயிலையைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுகிற டொலமைட் தூளில் மிச்சம் ஒரு சாக்கு எங்கள் லயத்துப் பின்னால் கிடந்தது. தேயிலைக்கு நல்லது, இந்தப் பூவுக்கு மண்ணின் புளிப்பை எடுத்துவிடும், நீலம் போய்விடும். ஜூட்தான் ஒருநாள் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ஹோட்டல்காரர்கள் நீலத்தைத்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னான். பெற்றீசியா மலையில் இருக்கும் நேரம் பார்த்து ஒரு பால்மா டின்னில் அள்ளி, செடிக்கு ஒரு கை வீதம் தூவி, மண்ணைக் கிளறிவிட்டேன். மாதத்துக்கு இரண்டு தரம். உடம்புக்கும் நல்ல பயிற்சி.

அடுத்த ஏப்ரலில் பூ வந்தது. பாதி ரோஸ், பாதி மாவு நீலம், சிலது இரண்டும் கலந்து வெளுத்த சேலை மாதிரி. பெற்றீசியா வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"மண்ணுக்கு என்னமோ ஆயிருச்சு அண்ணி."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழுகிறவளைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, அதில் பொய் இல்லை. ஜூட் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்:

"இந்த ரோஸ் இவ்வளவு சோக்கா வந்து நான் பாத்ததே இல்லங்க. கல்யாண ஹோல்காரங்க தேடிக்கிட்டு இருக்காங்க. ஒரு பன்னெண்டு செடி இப்பவே குடுங்க. அடுத்த சீசனுக்கு அறுபதையும் நானே எடுத்துக்கிறேன்."

நான் பாடுபட்டு டொலமைட் போட்டது அவர்களுக்குப் பசளையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாரத்துக்கு இரண்டு தரம் வர ஆரம்பித்தான், நிறம் ஏன் மாறியது என்று ஆராய்வதற்காம். அன்றைக்கு நான் தனியாக அடுப்படியில் நின்று சிரித்தேன், ஃபாதர். என்னை நினைத்துத்தான்.

பன்னிரண்டு செடி போன இடத்தில் பெற்றீசியா புதிதாகப் பன்னிரண்டு பதியன் வைத்தாள். வேலை செய்யும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் ஒரு கொப்பின் நுனியை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்க அண்ணி. போன வருசத்துக் கொப்பு நுனியிலதான் அடுத்த பூவுக்கு மொட்டு இருக்கும். வெளியில தெரியாது. இத வெட்டிட்டா அந்த வருசம் பூவே இல்ல. யாரையும் கை வைக்க விட்டுறாதீங்க."

விடமாட்டேன் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

டிசம்பரில், நத்தாருக்கு முந்தின வாரம் அடுத்த வீட்டு வினோதா வந்தாள். அவளும் பெற்றீசியாவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒரு செய்தி கிடைத்தால் வினோதாவால் அதை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட முடியாது.

"ஆயம்மா, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? ஜூட் கல்யாணம் கட்டிக்கிறேன்னு கேட்டுட்டாரு. பெற்றீசியாவும் சரின்னுருச்சு. ஆனா வர்ற சீசன் பூவ வித்து, கையில சொந்தமா ஒன்ன வச்சிக்கிட்டுத்தான் அந்த வீட்டுப் படி ஏறுவேன், வெறுங்கையோட வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குதாம்."

"அப்படியா?" என்றேன். அவளுக்கு முறுக்கு கொடுத்தேன்.

பெற்றீசியா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "அண்ணி, சித்திரையில பூ பூத்ததும் ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. "இப்பவே சொல்லேன்" என்றேன். "பூக்கட்டும். நடக்கிறதுக்கு முன்னால சொல்லி ஒங்க மனச அலைய விடக் கூடாது" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். காலையில் எழுந்து ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வயது அறுபத்திரண்டு. எனக்கு வேறு யாரும் இல்லை. அப்புறம் மெல்ல ஒன்று புரிந்தது. பூத்தால்தானே சொல்லுவாள். பூக்காவிட்டால் சொல்ல வேண்டிய விஷயமே இருக்காது.

பிள்ளைமடுவத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு முறை தெரியும். பிள்ளையின் கையில் ஒரு கண்ணாடிச் சில்லு கிடைத்துவிட்டால் நாம் போய்ப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பிள்ளை வீறிட்டு அழும், பிறகு நம்மிடம் வராது. வேறு ஆளை அனுப்பி எடுக்க வைத்துவிட்டு, அழுகிற பிள்ளையை நாம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் என்னை வெறுத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

தை மாதம் எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற மலையில் கவ்வாத்து நடந்தது. நல்லமுத்து அண்ணன்தான் அந்த ஆட்களில் மூத்தவர். முப்பது வருடமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அவர் வெட்டிய மலையைத் தூரத்திலிருந்தே சொல்லலாம், அப்படி மட்டமாக இருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவருக்குத் தேத்தண்ணீரும் வெல்லமும் கொடுத்தேன். வாசலில் அறுபது செடியும் நிரை பிடித்து நின்றன. பூ இல்லாத காலம். முழங்கால் உயரம், தட்டையான தலை, கரும்பச்சை இலை, விளிம்பில் பல். கவ்வாத்துக்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, கை ஓய்வா இருந்தா இந்த நிரையையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்."

"பூச்செடி தானே ஆயம்மா? இத வெட்டலாமா?"

"வெட்டினாத்தானே எந்தச் செடியும் நல்லாத் தழைக்கும்? ஒங்களுக்குத் தெரியாததா அண்ணே."

அவருக்குச் சந்தோஷம். மலையில் கங்காணி விரட்டுவார், கணக்கப்பிள்ளை குறை சொல்வார். ஒரு பொம்பளை மரியாதையாகக் கூப்பிட்டு, உன் கைவேலை வேண்டும் என்று கேட்டது அவருக்கு இதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் குனிந்தார். முதல் செடிக்குக் கத்தியை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். தேயிலையை வெட்டும்போது செடி சாகாமல் இருக்க ஒரு கொப்பை மட்டும் இலையோடு விடுவது அவர்கள் வழக்கம்.

"மூச்சுக்கு ஒரு கொப்பு விடவா ஆயம்மா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன், ஃபாதர். எதையும் யோசிக்காமல் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். செடிக்கு ஒரு கொப்பு விட்டால் அறுபது கொப்பு. அறுபது கொப்பிலும் பூ வந்தால் அவளுக்கு அதுவே போதும்.

"வேணாம் அண்ணே. முழுசா எடுத்துருங்க."

அரை மணித்தியாலம் எடுக்கவில்லை. அழகான வேலை. தண்டில் இருந்த பாசியைக்கூடச் சுரண்டிவிட்டார். வெட்டிய கொப்புகளை நான்தான் கூட்டி ஓரமாகக் குவித்தேன்.

பெற்றீசியா மத்தியானம் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு படியேறி வந்தாள். நல்லமுத்து அண்ணன் இன்னும் வாசலில் நின்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாராட்டுக் கிடைக்கும் என்று. அவள் நிரையைப் பார்த்தாள். கூடை முதுகிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன்.

"ஐயையோ, நல்லமுத்து அண்ணே, என்ன வேலை செஞ்சிட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தேயிலைன்னு நெனச்சுட்டேன் தாயி. கை பழக்கம். மன்னிச்சிரு" என்று பெற்றீசியாவிடம் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தனியாக வாழ்கிற இரண்டு பெண்களுக்கு நடுவே நெருப்பு வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நல்ல மனிதர்.

தோட்டமே சிரித்தது. கவ்வாத்துக்காரன் பூந்தோட்டத்துக்குள் போனால் இப்படித்தான் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேசிச் சிரித்தார்கள். அவருக்குப் பூக்கவ்வாத்து என்று பெயர் வைத்தார்கள். அவர் அதன் பிறகு எங்கள் வாசல் வழியாக வருவதில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார். பெற்றீசியா யாரையும் திட்டவில்லை. குவியலிலிருந்து கொப்புகளைப் பொறுக்கித் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். மொட்டெல்லாம் கறுத்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் கஞ்சி வைத்து ஊட்டினேன். என் மடியில் படுத்து, "எனக்கு எதுவும் ஒட்டாது அண்ணி" என்றாள். நான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

ஜூட் வந்தான். பூ வேண்டாம், நீ வந்தால் போதும் என்றான். அவள் அடுத்த சீசன் வரை பொறு என்றாள். அவன் அம்மாவுக்கு இருதய வருத்தம். இந்த வருடமே கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுதாராம், கடைசியில் அவர் பார்த்த வேறு பெண்ணுக்கு அவன் சரி சொல்லிவிட்டான். சித்திரை வந்தது. எல்லார் வீட்டு வாசலிலும் ஏதாவது பூத்திருந்தது. எங்கள் வாசலில் இலை மட்டும். பெற்றீசியா எனக்கு எந்த விஷயமும் சொல்லவில்லை. போன கிழமை பூசையில் நீங்கள் கல்யாண ஓலை வாசித்தீர்களே, நம் பங்குப் பெண் ஒருத்திக்கும் நுவரெலியா ஜூட்டுக்கும், அது அவன்தான். தடை ஏதும் தெரிந்தால் அறிவியுங்கள் என்று நீங்கள் சொன்னபோது பெற்றீசியா என் பக்கத்தில்தான் முழங்காலில் நின்றாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கொப்பியை வாங்கியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஜூட் கல்யாணக் கார்டு கொண்டுவந்தான். பெற்றீசியா மலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான். கார்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒன்னு மட்டும் கேக்கணும். அந்த ரூம என்ன செய்றதுன்னு தெரியல."

"எந்த ரூம்?"

"ஒங்க ரூம்தான். பெற்றீசியா சொல்லித்தானே கட்டினேன். அண்ணி இல்லாம நான் எங்கேயும் வரமாட்டேன்னு மொத நாளே சொல்லிருச்சு. நான் சரின்னுட்டேன். அந்த செடியெல்லாம் அதுக்குத்தானே அக்கா. தான் ஒருத்தின்னா வெறுங்கையோடயும் வந்திருக்குமாம். ஒங்களையும் கூட்டிக்கிட்டு வர்றப்ப, ஒங்கள யாரும் ஓசிச் சோறுன்னு ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னு... சன்னல்கூட காலை வெயில் வர்ற பக்கமா வச்சேன். ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை என்றேன். அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டேன். அவனும் அப்படியே குடித்தான்.

அவன் போனதும் வெகுநேரம் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் நிதானமாக யோசிக்கிற ஆள். யோசித்துப் பார்த்தால் இதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நத்தாருக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், நான் "இப்பவே சொல்லேன்" என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறுபது செடியும் பூத்திருக்கும். நல்லமுத்து அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. அவளும் இந்நேரம் நுவரெலியாவில் இருந்திருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இத்தனை பெரிய விஷயத்தைச் சொந்த அண்ணியிடம் மறைப்பது சரியா? நான் அவளிடம் எதை மறைத்தேன், அவள் கேட்கவே இல்லையே.

கொப்பை வெட்டச் சொன்னது நான்தான். டொலமைட் போட்டதும் நான்தான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் எத்தனை செபமாலை சொன்னாலும் சொல்லுகிறேன். அவளிடம் இதைச் சொல்லும்படி மட்டும் கேட்காதீர்கள். இப்போதுதான் இரண்டு வாய் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள்.

வருகிற மாத முதல் வெள்ளிக்கு அவளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவாள், ஃபாதர். இந்த மறைப்பைப் பற்றி அவளாக ஏதாவது சொன்னால், கடுமையாக எதுவும் சொல்லிவிடாதீர்கள். நான் அவளை ஏற்கெனவே மன்னித்துவிட்டேன்.